ஒரே பிரதி

என் அக்கா புருஷன் வேம்புலிக்கு ஒழுங்கு என்றால் உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிராயிங் பிரிவு அவர் பொறுப்பு. புது டிராயிங் வந்தால் பழையதை எல்லார் கையிலிருந்தும் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுவார். பழைய அளவில் எவனாவது ஒன்றைக் கடைந்துவிட்டால் இரும்பு பாழ் என்பார். பட்டறைக்கு அது சரிதான். அந்தப் புத்தியை அப்படியே கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனாரே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டு வாக்கில் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஓர் இலவச மென்பொருள் மீது அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தி, இணையத்தில் மற்றவர்களுக்கு அனுப்பலாம். எங்கள் பக்கத்தில் அதில் கை வைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாமா. இன்னொருவன் நெமிலிச்சேரி டேவிட், பட்டாபிராமில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தியவன். ஆளுக்கொரு பக்கம் திருத்தி, எது புதுசு எது பழசு என்று தெரியாமல் முழித்தார்கள். அதற்காக மாமா ஒரு முறை ஏற்படுத்தினார். நிரல் ஒரே ஒரு ஃபிளாப்பியில் இருக்கும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் திருத்தலாம். முடித்ததும் தன் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட்டு, ஃபிளாப்பியை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு இருந்தா கொயப்பமே வராது, நைனா" என்றார்.

"அண்ணாத்தே, அது பூட்ச்சுன்னா?" என்று கேட்டான் டேவிட்.

"பத்திரமா வெச்சிகினா ஏன் பூடுது?"

மாமா மேல் அவனுக்கு மரியாதை. தலையாட்டிவிட்டான்.

மறு வருஷம் டேவிட் எழுதியது சாதாரணத் திருத்தம் இல்லை. டைப்ரைட்டரில் பழகியவர்கள் அதே விரல் பழக்கத்தில் அடிப்பதற்கு ஒரு முழுப் பகுதியையே எழுதியிருந்தான். மாதக்கணக்கான உழைப்பு. சென்டரை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. கிண்டியில் ஒரு கம்பெனி அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. சொந்தமாகச் செய்ததைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். மாமா ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று, ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஃபிளாப்பியை ஆவடி ஸ்டேஷனில் வைத்துக் கொடுத்தான். சென்டரில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

பூஜையன்று நானும் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார், ஸ்க்ரூடிரைவருக்கு வைத்தார், ஃபிளாப்பியை எடுத்தார்.

"அதுக்கு இன்னாத்துக்கு சந்தனம்? கொழகொழன்னு கீது" என்றாள் அக்கா வடிவு.

"இதான்டி ஆயுதம்" என்று அதன் தகட்டு மூடியின் மேல் தாராளமாகவே வைத்தார். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. சந்தனம் மூடிக்குள் வழிந்து, அங்கேயே காய்ந்துபோனது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் போட்டதும் கரகரவென்று சத்தம். மாமா வெளியே எடுத்துத் துடைத்தார், மறுபடி போட்டார். அப்படிப் போட்டுப் போட்டே உள்ளிருந்த தகட்டில் கோடு விழுந்துவிட்டது. டேவிட் வந்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன்னாண்ட எங்கனா ஒண்ணு இருக்கும்ல, நைனா?"

டேவிட் அந்த ஃபிளாப்பியையே பார்த்தான். "நீதானே அண்ணாத்தே அழிக்கச் சொன்ன. அழிச்சிட்டேன்."

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அக்கா கொடுத்த பொரியையும் வாங்கிக்கொண்டுதான் போனான். கிண்டிக்கு வெறுங்கையோடு போனான், வேலை கிடைக்கவில்லை. சென்டரையும் மூடிவிட்டார்கள். அப்புறம் அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

மாமா முறையைத் தலைகீழாக மாற்றினார். எந்தத் திருத்தத்தையும் அழிக்கக் கூடாது, தேதி போட்டு எல்லாரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்க வேண்டும். அந்த முறையை இணையத்தில் எழுதிப் போட்டார். அதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். இவ்வளவு முன்யோசனையா என்று பாராட்டி எழுதினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் மாமாவின் முகம் சுண்டிப்போகும்.

புதுப் பதிப்பு வெளியானபோது, உழைத்தவர்கள் பெயர்களில் டேவிட் பெயரை முதலில் போட்டார். எங்கேயோ பார்த்திருக்கிறான். ஒரு மெயில் வந்தது.

"அண்ணாத்தே, அதுல நான் செஞ்சது எதுவும் இல்ல. எம்பேரை எடுத்துடுங்க."

அதைப் படித்துவிட்டு மாமா அழுதார். பிறகு அவன் சொன்னபடியே எடுத்துவிட்டார்.