அவசரக்குடுக்கையின் புதினா

கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் முக்காலியில் ஏறி, கூடத்துக் கொடியில் தலைகீழாகத் தொங்கும் புதினாக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறார். இறங்கிய கையோடு மறுபடி ஏறுகிறார். "ஒரு நிமிஷம் தம்பி, இதோ வந்துட்டேன்!" என்று இரைகிறார். இதுவரை என்னிடம் அவர் கேட்டு வாங்கிய ஒரு நிமிஷங்களைச் சேர்த்தால் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைக்கும்.

தெருவில் அவருக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். பஸ் நிற்பதற்குள் படிக்கட்டில் நிற்பார். டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு மாடிப்படி வழியாக இறங்கி ஓடுவார். கேட்டால், "அது மேல வர்ற வரைக்கும் யாரு நிக்கிறது?" என்பார்.

கொல்லையில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். புதினா, வெந்தயக்கீரை, கொத்தமல்லி. எங்கள் ஊர்க் குளிரில் உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் கருகிவிடும். அதற்குள் அறுத்து, அலசி, ஈரம் ஒற்றி, நூலால் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் மணம் ஓடிவிடுமாம். சட்டை மாட்டும் ஹேங்கர்களில் எல்லாம் தழை. துவைத்த சட்டைகள் நாற்காலி முதுகில் கிடக்கின்றன. "இந்த வீட்டுல தழைக்குத்தான் ராஜ மரியாதை" என்பார் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர்.

ஆனால் இத்தனையும் அண்ணிக்காகத்தான். இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலில் அவருக்கு நாக்கு செத்துப்போனது. எதைத் தின்றாலும் மண். இந்தத் தோட்டத்துப் புதினாவைக் கசக்கித் தூவினால் மட்டும் மணம் பிடித்துக்கொண்டு நாலு வாய் உள்ளே போகும். கடைப் பொட்டலத்தை வைக்கோல் என்று தள்ளிவிட்டார்.

போன குளிர்காலத்தில் அண்ணன் பதினோரு பாட்டில் நிரப்பி வைத்தார். பாதிக் குளிரில் திறந்தால் எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. காயும் முன்பே அடைத்துவிட்டார். வெளியே செடி இல்லை. குளிர் விடுவதற்குள் அண்ணி பாதியாகிவிட்டார். மோதிரம் நிற்காமல் அதில் நூல் சுற்றிக்கொண்டார். "உன் அவசரத்தால வந்த வினை" என்று ஆளாளுக்குத் திட்டினோம். நானும்தான். "ஆமாப்பா, என் அவசரம்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தச் சனிக்கிழமை ஒரு கிளையை ஒடித்து என் காதருகே கொண்டுவந்து கசக்கினார். "காஞ்ச இலை பேசும் தம்பி. சரசரன்னு சொல்லும். மெஷினும் அப்படித்தான், சத்தத்த வச்சே கோளாறச் சொல்லிருவேன். கேக்குதா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இலை அவர் விரலிடுக்கில் துணிபோல் மடங்கியது.

"கேக்கலையே அண்ணே."

"நல்லாக் கேளு. எனக்குக் கேக்குதே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றவர். வாசல் மணி அடித்தால் கதவைத் திறப்பது எப்போதும் அண்ணிதான். பக்கத்தில் இருப்பவரிடமும் இவர் கத்தித்தான் பேசுவார். போன வருடம் பூஞ்சை பிடித்தது அவசரத்தால் மட்டுமல்ல. செவிடு என்று பெயர் வாங்குவதைவிட அவசரக்குடுக்கை என்ற பெயரே தேவலை என்று மனுஷர் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. திட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அண்ணி கழுவித் துடைத்த பாட்டிலோடு வந்தார். "என்னங்க, போட்டு மூடிரலாமா?"

அண்ணன் "போடு" என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். பாட்டிலைப் பார்த்தார், அண்ணியின் விரலைப் பார்த்தார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அண்ணியின் பக்கத்தில் போய் நின்றார்.

"நீயே கேட்டுச் சொல்லும்மா" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "எனக்குக் கேக்கல."

அண்ணியின் காதோர முடியை ஒதுக்கி, இலையைக் கசக்கினார். அண்ணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். அண்ணன் அடுத்த புதினாக் கட்டிலிருந்து இன்னொரு கிளையை ஒடித்து, அதே காதருகே கொண்டுபோனார்.