ஹரிகிருஷ்ணனின் கேஸ் நம்பர்

ஹரிகிருஷ்ணனுக்கு முப்பத்தாறு வயது. மறைமலைநகர்க் கம்பெனி ஒன்றுக்குப் பஸ் ஓட்டுகிறார். சிக்னலில் நின்றால் முன்வண்டியின் நம்பரை மூன்றால் வகுப்பார், ஏழால் வகுப்பார். பச்சை விழுந்ததுகூடத் தெரியாது, பின்னாலிருந்து திட்டு விழும். வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன் வேறென்ன செய்வார்?

அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த கேஸ் கனெக்‌ஷன் நம்பர் 73939133. எதாலும் வகுபடாத பகா எண். அது போதாதென்று, கடைசி இலக்கத்தை அடித்தாலும் மிஞ்சுவது பகா எண்தான். இன்னொன்றை அடியுங்கள், அதுவும் அப்படியே. வெறும் 7 மிஞ்சும்வரை இதே கதை. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையவே கிடையாது. லாட்டரி விழுந்தவர்போலத் திரிந்தார். பஸ்ஸில் ஒருத்தராவது காது கொடுத்தார்களா? ம்ஹூம்.

அக்காவோடு மதுராந்தகத்துக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் ஸ்வாதி, கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவள். காபியைக் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"எத்தினி வருசமா ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டறீங்க?"

"பதினொன்னு."

"பரவால்ல" என்று சிரித்தாள். ஆள் அங்கேயே விழுந்துவிட்டார். கட்டினால் இவளைத்தான்.

அவள் அப்பா அப்பாசாமிக்கு நியூமராலஜிப் பைத்தியம். தனக்கு ஆகாத பகை எண் தேதியில் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார்.

"தனியா கேஸ் கனெக்‌ஷன் கீதா தம்பி?"

"கீது சார். சூப்பர் நம்பரு. பகா எண் சார்!"

அப்பாசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாது, பகை எண்ணா? கெளம்புங்க."

"பகை இல்ல சார், பகா! ஒன்னாலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுபடும்."

"தன்னால மட்டும்னா, அதுல எம்பொண்ணுக்கு இன்னா எடம் கீது?"

ஸ்வாதிதான் பேப்பரை நீட்டினாள். "எழுதுங்க. செக் பண்ணாம நான் எந்த பீஸையும் பாஸ் பண்றதில்ல."

எழுதிக் கொடுத்தார். மூன்றால் வகுத்தாள், போகவில்லை. ஏழால் வகுத்தாள், மீதியில்லாமல் போய்விட்டது.

"போய்டுச்சே" என்றாள். அவள் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டு இவருக்கு அழுகையே வந்தது. பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். அடப்பாவமே! இவர் கொக்கி போட்டு எழுதிய ஒன்றை அவள் ஏழென்று படித்திருக்கிறாள். திருத்தி வகுத்தால் மீதி இரண்டு.

"மிச்சத்தையும் பாத்துடுவோம். எதுலயாவது போச்சுன்னா சம்பந்தம் கேன்சல்" என்றார் அப்பாசாமி.

8597 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும், ஆயிரத்துச் சொச்சம்தான் என்று ஹரிகிருஷ்ணன் வாயை விட்டார். தேவையா? செல்லில் தட்டினால் நொடியில் தெரியும். அப்பாசாமி செல்லை நம்பமாட்டார். பேப்பரில்தான் போட வேண்டும், அவரும் கூட உட்காருவார்.

தினம் இருபது எண். சாயங்காலமானால் ஸ்வாதியின் மெசேஜ் வரும். "1009 போகல." "3001 போகல." விடை தெரிந்த மனுஷன்தான், ஆனாலும் பயம். அப்பாவும் பொண்ணும் எங்கேயாவது தப்பாக வகுத்துத் தொலைத்தால்?

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாசாமியே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"மாப்ள" என்றார் அப்பாசாமி. "உங்க நம்பரு எதுலயும் போவல. எங்க வூட்டு கேஸ் நம்பரப் பாத்தேன். நாலுல போவுது மாப்ள. வெளிய சொல்லிடாதீங்க."