அந்தோனியாருக்குப் பிறகுதான்

தன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு முகட்டில் குந்தியிருந்து, கயிற்றைப் பல்லால் இழுத்து இறுக்குகிறார் மத்தேயு அண்ணர். வாயில் கயிறு இருக்கும்போதுதான் அவருக்குக் கதை வரும்.

"தங்கச்சி, சூறாவளி அடிச்ச கையோட நிவாரணம் கொண்டு வந்தனீங்கள், இப்பதான் திரும்ப வாறியள். பாருங்கோ, ஊரையே வேய்ஞ்சு போட்டன்!"

உண்மைதான். போன மார்கழியில் காற்று அள்ளிக்கொண்டு போன இந்த முல்லைத்தீவுக் கரையோர ஊரில், இன்று வளவுக்கு வளவு புதுத் தென்னோலைக் கிடுகு. பாதிக்கு மேல் அவர் கைவேலை. கடலால் வந்த கையோடு, இடுப்பில் ஈரச் சாரத்தோடேயே யார் வீட்டு ஏணியிலும் ஏறிவிடுவார். ஒரு வெறுந்தேத்தண்ணி போதும். காதில் செருகிய பீடியை மறந்துபோய், ஊர் முழுக்கப் பீடி கேட்பார்.

இன்னும் கூரையில்லாமல் நிற்பது ஒரே ஒரு வீடு. அது அவருடையது.

அந்தக் கொடிய இரவில் ஊரே அந்தோனியார் கோயிலுக்குள் ஒடுங்கியிருந்தது. ஓடுகள் பறந்தன. தாய்மார் பிள்ளைகளை மார்போடு அணைத்துக் கதறினார்கள். மத்தேயு அண்ணர் அந்தோனியார் சுருவத்தின் காலைக் கட்டிப்பிடித்து நேர்ந்தார்: "எங்களை உயிரோட விடும். உமக்குக் கூரை வராமல் என்ர வீட்டுக்கு ஒரு கிடுகும் ஏத்தமாட்டன்."

ஊர் தப்பியது. ஆனால் கோயிலின் வெடித்த சுவர் சீமெந்து இல்லாமல் கூரையைத் தாங்காது. போர்த்தடையால் சீமெந்து வவுனியாவைத் தாண்டி வராது. அந்தோனியார் கறுப்புக் குடையொன்றின் கீழ் நிற்கிறார். மத்தேயு அண்ணர் குடும்பம் கிழிந்த தார்ப்பாய்ப் படங்கின் கீழ் கிடக்கிறது.

"நேர்த்தியில இருந்து நான் விடுதலை தாறன், போய் வேயும்" என்று பங்குச் சுவாமியே சொல்லிப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்தது உங்களுக்கில்லையே, சுவாமி."

கிடுகு ஏற்றமாட்டேன் என்றுதானே நேர்ந்தேன் என்று, கூரையின் வளை, கைமரமெல்லாம் ஏற்றிவிட்டார். கட்டி வைத்த கிடுகைக் கறையான் தின்னத் தொடங்கிவிட்டது. மகள் கலிஸ்ராவுக்கோ இது நிறைமாதம். புரட்டாதி முடிகிறது; மேற்கே இடி உறுமுகிறது. வயிற்றில் இருக்கும் அந்தச் சிசு யாருக்கு என்ன நேர்த்தி வைத்தது!

"பிள்ளை பிறக்கிற நேரம் மழை பெய்தால்?" என்று நானும் கத்தினேன்.

"அதை அந்தோனியார் பாப்பார்" என்றார், முகட்டிலிருந்து.

அப்போது ஒழுங்கை வழியே அவருடைய மனைவி மார்கிறட் வந்தா. குழந்தையைத் தூக்குவதுபோல் அந்தோனியாரைத் தோளில் சாத்தியிருந்தா. பின்னால் பாதி ஊர் சிரித்துக்கொண்டு வந்தது. நேரே தன் வீட்டுக்குள் போய், நடுவில் கதிரை போட்டுச் சுருவத்தை இருத்தினா.

"இஞ்சேரப்பா! உங்கட ஆள் வீட்டை வந்திட்டார். மழையும் வருது. அவருக்குக் கூரை போடப் போறியளோ, நனைய விடப் போறியளோ?"

"எடியே, அவரை ஏன் தூக்கினனீ?"

"பங்குச் சுவாமியைக் கேட்டிட்டுத்தான் தூக்கினனான். கோயில் கட்டி முடியுமட்டும் இஞ்சதான் இருப்பார். நாங்கள் அவருக்குப் பக்கத்தில ஒரு மூலையில கிடக்கிறம்."

மத்தேயு அண்ணர் வாயைத் திறந்தார். கயிறு கீழே விழுந்தது. பிறகு இறங்கினார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, கறையான் தட்டிய கிடுகுக் கட்டோடு தன் வீட்டுக் கைமரத்தில் ஏறினார்.

முதல் கிடுகு ஏறிய இடத்தில், கீழே ஒரு துண்டு நிழல் விழுந்தது. மார்கிறட் அந்தோனியாரைக் கதிரையோடு மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நிழலில் கலிஸ்ராவுக்குப் பாயை விரித்தா.