செல்வமலர் அக்காவும் நான் எழுதிய விண்ணப்பமும்

செல்வமலர் அக்கா காலமான செய்தியைக் காலையில் கடற்கரை மீன் வாடியடியில் சொன்னார்கள். "ஐயோ" என்றேன். கூடவே உள்ளுக்குள் ஒரு பயம் விட்டுப்போனது. சீ, நானும் ஒரு மனுசியா?

உடப்பு மாதர் சங்கத்தில் அவர் தலைவி, நான் செயலாளர். நாட்டில் சண்டை மும்முரமான காலத்தில், கொரியாவில் தொழிற்சாலை வேலையிலிருந்து லீவில் வந்தவர், அங்கே பழகிய வட்ட ஆட்டமொன்றை எங்களுக்குப் பழக்கினார். ஒருவர் பாட, மற்றவர்கள் "கங்கங்சுல்லே" என்று எடுத்துப் பாட வேண்டும். மெதுவாகத் தொடங்கி, கடைசியில் ஒரே ஓட்டம்.

"கும்மி மாதிரிக் கை தட்டுறதில்ல, இறுக்கிப் பிடியுங்க. வீட்டுக்குள்ளயே கிடந்த பொம்பிளைகள் அறுவடைப் பூரணைக்குத்தான் வெளியில வந்து மனசாறப் பாடினாங்களாம்" என்பார்.

அக்காவின் அயல்வீட்டுச் சிநேகிதி நாகம்மா மட்டும் சேரவில்லை. "சண்டை நேரத்தில என்ன கூத்து?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

கடற்கரையில் ஆட பொலிஸ் அனுமதி வேண்டும். சிங்களத்தில் எழுதத் தெரிந்தவள் நான்தான். 'நடன நிகழ்ச்சி' என்று மட்டும் எழுதியிருக்கலாம். என் எழுத்துக் கொழுப்பு விட்டால்தானே! கொரியாவில் முன்னொரு போரில் பெண்கள் படையாட்கள் போல உடுத்து, மலையில் இதே போல வட்டமாகச் சுற்றி, எதிரிக் கப்பல்களை ஏமாற்றினார்கள் என்று அக்கா சொன்ன கதையையும் ஒன்று விடாமல் எழுதினேன். சிங்களம் வாசிக்கத் தெரியாத அக்கா என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார்.

மூன்றாம் நாள் ஜீப் வந்து அவரை ஏற்றிப்போனது. இரண்டு நாள் விசாரணை. கேள்விகள் கேட்டார்களே தவிர, கடிதத்தைக் காட்டவில்லை. வாங்கி வைத்த பாஸ்போர்ட் திரும்பி வரவேயில்லை. கொரியா வேலையும் போனது.

"படைவேஷக் கதையெல்லாம் கேட்டாங்க, பிள்ளை. ஆரோ போய்ச் சொல்லியிருக்கு. நாகம்மாதான்" என்றார் திரும்பி வந்த அக்கா.

"அப்படியா" என்றேன்.

அன்றோடு அக்கா நாகம்மாவுடன் கதைப்பதை நிறுத்தினார். பதினொரு வருடம்! அவர் மகளின் கலியாணத்துக்கு முதல் அழைப்பு எனக்கு வந்தது, அயல்வீட்டுக்குச் சொல்லவேயில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து, "நீ இல்லாட்டி எனக்கு ஆர்?" என்றார்.

செத்தவீட்டில் நாகம்மா வேலிக்கு வெளியே நின்று அழுதார். உள்ளே கூப்பிட்டேன்.

"வேணாம். நான் என்ன பிழை செஞ்சேன் எண்டு கடைசி வரைக்கும் அவ சொல்லல்ல" என்றார். பாடையைத் தூக்கியபோது அவர் வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா, நாகம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தது நான். இதையெல்லாம் எழுதிய இந்தத் தாளை முதலில் நாகம்மா கையில் கொடுத்து, வாசித்து முடிக்கும்வரை முன்னால் நிற்கப்போகிறேன். நீங்கள் போய் வாருங்கள்.