கமலாசனி அக்காவின் டீசல்

சாவியை அரைவாசி திருப்பிவிட்டுக் கமலாசனி அக்கா தேவாரம் பாடத் தொடங்குகிறார். விடிய ஐந்து மணி, நெடுங்கேணிப் பக்கத்துப் பனி. பிக்கப்பின் ஸ்டியரிங்குக்கு முன்னால் செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. எஞ்சினுக்குள் சூடேறுகிறது என்று அர்த்தம். நாலாவது வரி முடிகிற நேரம் விளக்கு அணையும். மிச்சச் சாவியையும் திருப்புவார். தடதடவென்று வாகனமும், உள்ளே இருக்கிற நானும், பின்னால் அடுக்கிய வெறும் பால் கான்களும் சேர்ந்து ஆடத் தொடங்குவோம். "பாத்தியளே மிஸ், ஒரே அடி!" என்பார். ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொல்கிறார், ஒவ்வொரு நாளும் இன்றைக்குத்தான் முதன்முதல் நடந்த அதிசயம் மாதிரிச் சொல்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஒட்டுசுட்டானில், விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் எனக்கு வேலை. என்னிடம் ஒரு ஸ்கூட்டி உண்டு. ஆனால் அந்தக் காட்டுப் பாதையில் யானையும் நானும் நேருக்கு நேர் சந்திக்க எனக்கு விருப்பமில்லை. பஸ் தன் எண்ணப்படி வரும். ஆகவே ஆறு மாதமாகப் பால் கான்களோடு நானும் ஏறிக்கொள்கிறேன். நாற்பது வீட்டுப் பாலைச் சேர்த்துக் காலை எட்டு மணிக்குள் குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவதுதான் அக்காவின் தொழில்.

வயது ஐம்பத்து நாலு. பாவாடைக்கு மேல் ஒரு முழுக்கைச் சேட்டு, காலில் செருப்பு, தலையில் இறுக்கிய கொண்டை. வலது கையை எந்நேரமும் யன்னலில் வைத்திருப்பதால் அது இடது கையை விட ஒரு படி கறுப்பு. மகள் சுதாஜினியின் பிறந்தநாளைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். கடைசியாக ஒயில் மாற்றிய நாளைக் கேட்டுப் பாருங்கள், மணியோடு சொல்வார்! ஞாயிறு தோறும் டீசல் பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் இறக்கி, வெயிலுக்குப் பிடித்துப் பார்ப்பார். புதிதாக அடித்த டீசலில் ஒரு சொட்டை விரலில் தேய்த்து மணந்து, "உது நல்ல சாமான்" என்றால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

பதினொரு வருடமாக ஒரு நாள்கூட நடுவழியில் நிற்காத வாகனம் அது. சும்மா சொல்லக்கூடாது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அக்காவின் பெருமைக்கு ஒரு அளவு வேண்டாமா? கோயிலில் கண்டாலும் டீசல், செத்த வீட்டில் கண்டாலும் டீசல். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஊரே பகிடி பண்ணும். அவர் ஒருவருக்கும் அசையமாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகன் ஜெயந்தன், போன வருடம் ஒரு பெற்றோல் பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஐயோ, அந்த வீட்டுக் கதையைக் கேட்கவேண்டுமே! நான் தேத்தண்ணி குடிக்கப் போகிற நாளெல்லாம் அங்கே பட்டிமன்றம்தான்.

"மாமி, உங்கட டீசலில பம்ப் பிழைச்சால் வவுனியாவுக்குக் கட்டி இழுக்கவேணும். என்ர வாகனம் நிண்டால் மரத்துக்குக் கீழ வைச்சே பிளக்கைக் கழட்டித் துடைச்சுப்போட்டு ஓடுவன்."

"என்ர வாகனத்தில துடைக்கிறதுக்குப் பிளக்கே இல்லைத் தம்பி. நெருப்பு வேண்டாம் எண்டு ஓடுற எஞ்சின் இது."

"நீங்கள் வாற சத்தத்தில மாடு பாலை அடக்குது மாமி!"

"பேய்க்கதை கதையாதேங்கோ. என்ர சத்தத்தைக் கேட்டுத்தான் சனம் எழும்பிக் கறக்குது. நீங்கள் வாறது வாசல் படலைக்கு வந்து நிக்குமட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. யானைக்கும் தெரியாது, கவனம்."

சுதாஜினி இரண்டு பேருக்கும் நடுவில் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். நானும் வாய் திறப்பதில்லை. என் ஸ்கூட்டியும் பெற்றோல்தானே!

இந்த மார்கழியில் ஜெயந்தனுக்கும் பால் சேர்க்கிற ஒரு பாதை கிடைத்தது. பால் குளிரூட்டும் நிலையப் பொறுப்பாளர் பிரசாந்தனுக்கு, மழைக்காலத்தில் ஒரு பழைய பெற்றோல் வாகனத்தை நம்பிப் பாதையைக் கொடுக்கத் தயக்கம். "ஒரு மாதம் பாப்பம்" என்றார். நிலையத்து வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எட்டு மணிக்குப் பிந்தி வருகிறவரின் பெயரையும் காரணத்தையும் அதில் எழுதுவார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் ஜெயந்தனின் பெயர் ஒருமுறை பலகையில் ஏறினால் பாதை வேறு ஆளுக்கு. அவருக்கோ வேறு வேலை இல்லை. சுதாஜினிக்கு அது ஏழாம் மாதம். கமலாசனி அக்காவின் பெயர் பதினொரு வருடத்தில் அந்தப் பலகையைக் கண்டதே கிடையாது.

அந்த மாதம் நல்லபடியாக முடிந்து, பாதையும் நிரந்தரமாகிவிட்டது. "இனி எழுதுங்கோ மிஸ்" என்று ஜெயந்தனே சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள். இரவு முழுக்கக் கொட்டிய மழை விடியத்தான் விட்டிருந்தது. நிலையத்துக்கு இரண்டு கிலோமீற்றர் முன்னால் வீதி பள்ளமாகி ஏறுகிற இடத்தில் வெள்ளம் மெதுவாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஜெயந்தனின் பிக்கப், மூச்சுப் பேச்சில்லாமல் நின்றது! கெதியாகக் கடந்துவிடலாம் என்று வேகமாக இறக்கியிருக்கிறார். அடித்த தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விட்டது. மனிதர் முழங்காலளவு தண்ணீரில் நின்று வாகனத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். நேரம் ஏழு முப்பத்தைந்து.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அக்கா தொடங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் நடந்தே மறுகரை வரைக்கும் போய் ஆழம் பார்த்தார். திரும்பி வந்து, "முழங்காலோட நிக்குது. என்ர வாகனம் போகும்" என்றார். முதல் கியரில் ஆமை மாதிரி வாகனத்தை இறக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிக்கொண்டு போனது. அடேயப்பா, டீசல் ஒருமுறைகூடத் திக்கவில்லை! ஜெயந்தனின் வாகனத்தைத் தாண்டி நிறுத்தி, தடித்த நைலோன் கயிற்றால் இரண்டையும் கட்டினார்கள்.

"தம்பி, பிளக்குகளுக்கு நெருப்புப் பிரிச்சுக் குடுக்கிற அந்த மூடியைக் கழட்டித் தாங்கோ."

ஜெயந்தன் கழற்றிக் கொடுத்தார். உள்ளங்கை அளவு கறுப்பு மூடி, உள்ளே தண்ணீர் சொட்டியது. அதைத் துடைத்துப் பழந்துணியில் சுற்றி, தன் டீசலின் சுடு எஞ்சினுக்கு மேல் அசையாமல் செருகி, முன்பக்கப் பொனெற்றை அறைந்து சாத்தினார். "இழுக்கிற நேரத்துக்குள்ள காஞ்சிடும்" என்றார். டீசலின் சூட்டில் பெற்றோலுக்கு வைத்தியம்! நான் கை தட்டாத குறை.

இரண்டு வாகனமும் இரண்டு வாகனப் பாலும் ஒரே எஞ்சினில் ஊர்ந்தன. நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையத்து வாசலில் இந்நேரம் எப்படியும் பத்துப் பேர் நிற்பார்கள். பெற்றோலைக் கயிற்றில் கட்டிக்கொண்டு டீசல் உள்ளே போகப்போகிறது! அக்காவின் பதினொரு வருடக் கதைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? எனக்கே சந்தோஷம் தாங்கமுடியவில்லை.

நிலையம் தெரிகிற வளைவுக்கு முன்னால் அக்கா பிரேக் பிடித்தார். இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

"ஏன் அக்கா? இன்னும் கொஞ்சத் தூரந்தானே!"

"சும்மா இருங்கோ மிஸ்."

சுடச்சுட இருந்த மூடியை எடுத்து ஜெயந்தனின் கையில் வைத்தார். அவர் பூட்டிச் சாவியைத் திருப்பினார். இரண்டுமுறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நேரம் ஏழு ஐம்பத்தைந்து.

"நீங்கள் முன்னால போங்கோ தம்பி."

"மாமி, நீங்கள் பிந்திடுவியளே! சேர்ந்து போவம்."

"சேர்ந்து போனால் சனம் என்ன நடந்ததெண்டு கேக்கும். நான் பிந்தினால் என்னை மட்டுந்தான் கேக்கும். போங்கோ எண்டெல்லே சொல்லுறன்!"

அவர் போனார். அக்கா கயிற்றைத் தன் இருக்கைக்குக் கீழே போட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினாரே தவிரச் சாவியைத் தொடவில்லை. எட்டு ஏழுக்குத்தான் எடுத்தார்.

வாசலில் பிரசாந்தன் பேனையோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே ஜெயந்தனின் கான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "என்னக்கா இது? மருமோன் நேரத்துக்கு வந்திட்டார், நீங்கள் பிந்திட்டியள்!" என்றார். சுற்றி நின்றவர்களெல்லாம் திரும்பிப் பிக்கப்பைப் பார்த்தார்கள்.

"நடுவழியில நிண்டிட்டுது தம்பி. டீசல் பைப்பில காத்துப் பிடிச்சிட்டுது."

"உங்கட வாகனமோ?"

"ஓம், என்ர வாகனந்தான். எழுதுங்கோ" என்றார் கமலாசனி அக்கா, இருக்கைக்குக் கீழிருந்து சொட்டிக்கொண்டிருந்த கயிற்று நுனியைக் குதிக்காலால் உள்ளே தள்ளிக்கொண்டு.