சபரி நெற்றியைத் தொட்டால்

எங்கள் தெருவில் வளர்ந்தவன் சபரி. எங்கள் அமெரிக்க ஊரான லிவர்மோரில் கம்ப்யூட்டர் படிக்காத ஒரே தமிழ்ப் பையன் என்று விருந்துகளில் அவனைக் காட்டிப் பேசுவார்கள். அவன் பேஸ்பாலில் பந்து எறிகிற பிட்சர். பக்கத்து ஊர் மைனர் லீக் டீம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் வாயை மூடினார்கள். அதுவும் ஒரு வாரம்தான்.

அவன் அம்மா தனபாக்கியம் பொள்ளாச்சிக்காரர். ஆட்டத்துக்குக் கிளம்பும் மகனுக்கு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் போல நெற்றி நிறைய விபூதி பூசிவிடுவார். ஒரு ஆட்டத்தில் ஜூலை வெயிலுக்கு அது வேர்வையோடு வழிந்தது. சபரி விரலால் துடைத்துவிட்டு அதே விரலால் பந்தைப் பிடித்தான். பந்தில் எதையும் பூசக் கூடாது என்பது விதி. அம்பயர் விரலைத் தடவிப் பார்த்து அவனை வெளியே அனுப்பினார். பத்து ஆட்டங்களுக்குத் தடையும் வந்தது.

அன்றிலிருந்து அவன் ‘பவுடர் சபரி’. இன்னொரு தடவை மாட்டினால் டீமில் இடமில்லை என்றார் கோச். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விபூதி பூசினால் பந்து வளையுமென்றால் பழனியில் பாதிப் பேருக்கு இந்நேரம் காண்ட்ராக்ட் கிடைத்திருக்க வேண்டாமா?

தனபாக்கியம்தான் உடைந்துபோனார். "என்ற கையாலயே பையன் பேரைக் கெடுத்துப்போட்டனுங்க" என்று என்னிடம் அழுதார்.

தடை முடிந்து அவன் ஆடிய முதல் ஆட்டத்துக்கு அவரோடு நானும் போனேன். வெறும் நெற்றியோடு எறிந்த சபரியை முதல் இரண்டு பேரும் விளாசினார்கள். மூன்றாமவன் வந்தபோது சபரி பழக்கதோஷத்தில் நெற்றியைத் துடைத்தான். எதிர் டீம் கத்தியது. அம்பயர் விரல், கிளவ், தொப்பி எல்லாம் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் அடிக்க நின்றவனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. இவ்வளவு தேடியும் கிடைக்காத இடத்தில் அல்லவா வைத்திருக்கிறான்! நேராக வந்த மூன்று பந்துகளையும் வளையும் வளையும் என்று பார்த்துக்கொண்டே அடிக்காமல் விட்டு அவுட்டானான்.

அப்புறம் சபரி ஒவ்வொரு பந்துக்கும் நெற்றியைத் தொட்டான். அவன் டீம் ஜெயித்தது.

பார்க்கிங்கில் தனபாக்கியம் கேட்டார்: "வெறும் நெத்தியில என்ன கண்ணு இருக்குது?"

"எங்கயோ இருக்குன்னு தே திங்க், அம்மா."

"அப்ப இனி நான் பூசவே கூடாதா?"

சபரி தொப்பியைக் கழற்றி, அவர் உயரத்துக்குக் குனிந்தான்.

"கேம் முடிஞ்சிருச்சு. நௌ யூ கேன்."

அவர் கைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இத்தனை நாள் பாக்கியையும் சேர்த்துப் பூசினார்.