கம்பளிக்குள் கண்ட நெருப்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள் தேயிலைத் தோட்டத்து டிரக்டர் மேல்மலையில் நின்றுவிட்டது. காலையில் நல்லபடியாகத்தான் ஏறிப்போனது. பறித்த கொழுந்தை நிறுத்து ஏற்றுவதற்குள் மூடுபனி வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு எஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்றினால் ஓர் இருமல்கூட இல்லை.

சாக்கில் அடைத்த கொழுந்து நேரமானால் சூடேறிச் சிவந்துபோகும். மத்தியானத்துக்குள் ஃபெக்டரிக்கு வராவிட்டால் டிரைவர் நாளையிலிருந்து புல்லுவெட்டப் போகலாம் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார். அந்தச் செய்தியோடு என்னையும் அனுப்பினார்கள். நான் ஃபெக்டரிக் கிளாக்கர், கணக்கெழுதுகிறவன். என் மேசையில் எஞ்சின் புத்தகம் ஒன்றை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதில் நான் படம் மட்டுமே பார்த்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“பெட்ரோல் வருதுங்க ஐயா. வயர்லயும் நெருப்பு இருக்கு,” என்றார் டிரைவர்.

“எப்படித் தெரியும்?”

“நான் சுத்துறேன், வயரப் புடிச்சுப் பாருங்க.”

புத்தகம் படித்தவன் என்ற முறையில் பிடித்தேன். கழுதை உதைத்தது போல் கை தோள்வரை துள்ளியது. டிரைவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

வயரில் இருக்கும் நெருப்பு, எஞ்சினுக்குள் பொறி விடும் ப்ளக்குக்குள் ஏன் போகவில்லை? பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. மழைக்குப் போர்த்தியிருந்த அவருடைய கம்பளியை வாங்கி, என் தலையையும் எஞ்சினையும் சேர்த்து மூடிக்கொண்டு, “சுத்துங்க” என்றேன்.

உள்ளே கண்டதை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் பனியில் ஊறியிருந்தன. அந்த ஈரத்தின் வழியே நீலமாய் ஒரு நரம்பு இறங்கியது, கிளைவிட்டது, மறைந்தது. அடுத்த ப்ளக்கில் மறுபடி. வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அளவுக்குத்தான் சத்தம். வேலைக்குப் போகவேண்டிய நெருப்பு வெளியே நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

டிரைவரைக் கம்பளிக்குள் அனுப்பிவிட்டு நான் ஹேண்டிலைச் சுற்றினேன். எஞ்சினுக்கு வராத மூச்சு எனக்கு வாங்கியது. கம்பளிக்குள் ஓர் அசைவும் இல்லை.

“தெரியுதா?”

“பேசாம சுத்துங்க ஐயா.”

வெகுநேரம் கழித்துத் தலையை வெளியே எடுத்தார். “நான் வச்ச பொட்டுதாங்க. சாமிக்கு வச்சதத் தொடைக்கலாமா?”

“தொடைக்க வேணாம். எடத்த மாத்துங்க.”

பீங்கானிலிருந்த சந்தனத்தை விரலால் வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். மிச்சத்தை என் நெற்றியில். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து ஒவ்வொரு ப்ளக்கையும் ஈரம் போகத் துடைத்தார்.

ஹேண்டிலை அவர் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நான் மறுபடி கம்பளிக்குள் தலையை விட்டேன். அங்கே ஒரே இருட்டு. நெருப்பு உள்ளே போய்விட்டிருந்தது.

“ஐயா, கொழுந்து செவக்குது,” என்றார் சீட்டிலிருந்து. “தலைய எடுத்தா நான் போயிருவேன்.”